இரண்டாவது கோல்

நீல வெல்வெட் துணியின் மேல் கோல் இல்லை. அது கிடந்த தடம் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு அழுந்தித் தெரிந்தது. இரண்டு கையிலும் இரண்டு காகிதக் கோப்பைத் தேநீரோடு நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேஜையை விட்டுப் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். கோப்பைகளை வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மாதிரிப் பாதை விரித்திருந்த பலகைக்குப் பின்னால் பார்த்தேன். என் விரல் நீள எஞ்சின் ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, யாரும் பார்க்காமலேயே, தீக்குச்சித் தந்திக் கம்பங்களைத் தாண்டிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கோல் தொலைந்ததே என்ற கவலை எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. அதை யாராவது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கம் ஓட்டை இல்லை என்று கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அது.

ஓட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கத்தில் நாற்பது சொச்சம் பேர். ஊரார் எங்களை வேலை வெட்டி இல்லாதவர்கள் என்பார்கள். என் மனைவி இன்னும் கொஞ்சம் அன்பாக, பொம்மை ரயில் பைத்தியங்கள் என்பாள். கல்குவாரிக்குப் போகும் ஐந்து கிலோமீட்டர் பாதையை ரயில்வே கைவிட்டுப் பல வருடம் ஆனபின், நாங்கள் புதர் வெட்டி, தண்டவாளக் கட்டை மாற்றி, அனுமதிக்கு நடையாய் நடந்து, அதில் ஒரு பழைய நீராவி எஞ்சினையும் ஒரு மோட்டார் ட்ராலியையும் ஓடவைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை எஞ்சின் கொட்டகையில் கண்காட்சி. மாதிரி ரயில்கள், பழைய டிக்கெட்டுகள், விளக்குகள், பிறகு பாதையில் ஒரு சுற்றுலா. ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அதற்காக அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு குழந்தைக்கும் புரியும். பாதைக்கு என்று ஒரே ஒரு பித்தளைக் கோல். யார் கையில் அது இருக்கிறதோ அவர் வண்டி மட்டும் போகலாம். அவர் திரும்பி வந்து கோலைக் கொடுத்தால்தான் அடுத்த வண்டி. சிக்னல் பழுதாகலாம், ஆள் தூங்கிவிடலாம், ஆனால் ஒரு கோல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்காது. பார்வையாளர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே புல்லரிக்கும்.

நான் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். கண்காட்சிக்கு வருகிறவர்கள் கோலைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், அசலைக் கொடுக்க முடியாது, அதனால் ஒரு நகல் வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது நான்தான் கையைத் தூக்கினேன். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அசலில் பொறித்திருந்த பாதையின் பெயரில் மூன்றாவது எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதே சாய்வைக் கொண்டுவந்தேன். எவரோ ஒரு டிரைவர் அதால் கரியைத் தட்டியிருக்க வேண்டும், ஒரு முனையில் நசுங்கல். அதையும் கொண்டுவந்தேன். வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்து, கை பட்டுப் பட்டுக் கறுத்த மாதிரி ஆக்கினேன். எடை மூன்று கிராம்தான் வித்தியாசம். அசலோடு குழம்பாமல் இருக்க, நகலின் அடிப்பக்கம் குறுக்கே ஓர் ஓட்டை போட வேண்டும், நுனியில் சிவப்பு அடிக்க வேண்டும் என்பது சங்கத்தின் தீர்மானம். இரண்டும் செய்துவிட்டேன் என்று பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். செய்யவில்லை. டிரில்லை அதன்மேல் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கண்காட்சி முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு நாளாவது அது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நான் மேஜைக்கு அடியில் இருந்தபோதுதான் ரயில் ஊதியது. வெளியே கைதட்டல் கேட்டது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பிளாட்பாரத்தில் இருந்து எஞ்சின் நகரும் அந்தக் கனத்த மூச்சு, ஒவ்வொன்றாகக் கொட்டகையின் தகரத்தில் வந்து மோதியது. ரயில் கிளம்பிவிட்டது என்றால் ட்ராலி வந்துவிட்டது. ட்ராலி வந்துவிட்டது என்றால் என் மனைவி இறங்கியிருப்பாள். நான் சங்கத்தில் சேர்ந்த இருபத்திரண்டு வருடத்தில் அவள் இங்கே காலடி வைத்தது இன்றுதான். வா வா என்று நச்சரித்துக் கூட்டிவந்து, கூட்டத்தில் பிதுங்க வேண்டாம் என்று, பத்து மணி ட்ராலியில் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். திறந்த வண்டி, கீழே விழுந்துவிடும் என்று தன் செல்போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனாள். இரண்டாவது தேநீர் அவளுக்கு வாங்கியது. கோலை அப்புறம் தேடலாம் என்று நிமிர்ந்து கூட்டத்தில் அவளுடைய மஞ்சள் துப்பட்டாவைத் தேடினேன்.

காணோம். பக்கத்து மேஜையில் பழைய டிக்கெட்டுகளைப் பரப்பிவைத்திருந்த அம்மாவிடம் கேட்டேன். எங்கள் சங்கத்தில் அவரை டிக்கெட் அம்மா என்றே கூப்பிடுவோம்.

"உங்க வீட்டம்மாவ நான் பாக்கல. உங்க கோலத்தான் அந்த கேமராக்காரர் எடுத்துட்டுப் போனாரு. ஸ்டேஷன் ரூம்ல அந்தப் பழைய மணி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்னாரு. நான்தான் சரின்னு சொன்னேன். இன்னும் கொண்டுவந்து தரலையா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பாடா என்று இருந்தது. ட்ராலியை நிறுத்தும் பக்கத்து லைனுக்கு இறங்கி, மனைவியைக் கூட்டிக்கொண்டு, அப்படியே ஸ்டேஷன் ரூமுக்குப் போய்க் கோலை வாங்கிக்கொள்ளலாம் என்று கொட்டகையின் பின்கதவு வழியாக வெளியே வந்தேன். பக்கத்து லைன் காலியாக இருந்தது. இரண்டு தண்டவாளம், நடுவில் ஜல்லி, சொட்டும் எண்ணெயைப் பிடிக்க, ட்ராலி ஓட்டும் மெக்கானிக் வைத்துவிட்டுப் போன தகர டப்பா. டப்பாவில் புதிதாக ஒரு சொட்டும் இல்லை.  அதற்கு என்ன அர்த்தம் என்று மூளைக்கு எட்டும் முன்பே கால்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷன் ரூமில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அஞ்சலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். வருடத்தில் இந்த ஒரு நாள் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர்தான் ஸ்டேஷன் மாஸ்டர். பதிவேட்டில் நேரத்தை எழுதி, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. ஒருவழியா வண்டிய அனுப்பியாச்சு. இருபது நிமிஷம் லேட்டு. பசங்க எல்லாம் அழ ஆரம்பிச்சிட்டாங்க."

"கோலு?"

"டிரைவர்கிட்ட குடுத்துத்தான அனுப்பினேன். கோல் இல்லாம அனுப்புவேனா?"

"எங்க இருந்துச்சு?"

"இங்கதான், மணிக்குப் பக்கத்துல. நான் சிறப்பு விருந்தினர வாசல் வரைக்கும் விட்டுட்டு வர்றதுக்குள்ள ட்ராலி வந்து வச்சிட்டுப் போயிருக்காங்க."

  அவர் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது. கோல் மேஜையில் இருந்தால் ட்ராலி வந்துவிட்டது என்று அர்த்தம். எட்டிப் பார்க்கத் தேவையே இல்லாமல் இருக்கத்தானே அந்தக் கோல். நான் சுவரில் இருந்த கைப்பிடித் தொலைபேசியைச் சுற்றினேன். குவாரிக் கோடிக்கு நாங்களே கம்பி இழுத்து உயிர் கொடுத்த பழைய பெட்டி. மறுமுனையில் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர் காவல். நான்கு முறை சுற்றியபின் எடுத்தார்.

"ட்ராலி எங்க சார்?"

"இப்பதான் அனுப்பி வச்சேன். போட்டோ போட்டோன்னு ஒருத்தரும் கிளம்பல. ரெண்டு நிமிஷம் ஆகுது. உங்க வீட்டம்மா செம குஷி. கோல அவங்க கையிலயே குடுத்துட்டாரு மெக்கானிக்."

செயலாளருக்கும் அது கேட்டது. அந்தப் பெட்டியில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும். அவர் பதிவேட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்படி தம்பி ரெண்டு கோல் வரும்?"

"ஒண்ணு என்னுது."

"உங்களுதுல ஓட்டை இருக்குமே. சிவப்பு அடிச்சிருக்குமே. கையெழுத்து போட்டிருக்கீங்களே."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.   யாருக்காவது போன் போட வேண்டும் என்று தோன்றியது. மெக்கானிக்கின் எண்ணை அழுத்தினேன். மேஜைக்கு அடியில், வண்டி ஓட்டுகிறவர்களின் போன்களை வாங்கிப் போட்டுவைக்கும் மரப்பெட்டிக்குள்ளிருந்து மணி அடித்தது. டிரைவருடையதும் அதே பெட்டியில்தான் இருந்தது. அந்த விதியைப் போட வேண்டும் என்று கூட்டத்தில் பேசியவனும் நான்தான். அப்புறம் புத்தி கெட்டுப்போய் என் மனைவிக்குப் போட்டேன். என் சட்டைப் பையே அதிர்ந்தது.

கணக்கு எனக்கு வேண்டாம் என்றாலும் ஓடியது. ரயில் கிளம்பி ஆறு நிமிடம். மெதுவாகத்தான் போகும். ட்ராலி அதைவிட வேகம். இரண்டு கிலோமீட்டரில் சாலை குறுக்கிடும் கேட் இருக்கிறது. அதைத் தாண்டினால் பாறையை வெட்டிப் போட்ட பள்ளம், உள்ளே வளைவு. வளைவில் முப்பது அடிக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியாது. ட்ராலிக்குத் தகடும் பெஞ்சும்தான். அதன் முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். எது நல்ல இடம் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லி நான்தான் உட்காரவைத்தேன்.

செயலாளரின் ஸ்கூட்டர் சாவியை அவர் கொடுத்தாரா நான் பிடுங்கினேனா நினைவில்லை. கண்காட்சிக்கு வந்தவர்கள் வழியெல்லாம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைக் கைகாட்டி நிறுத்தி, நீராவி எஞ்சினில் நிலக்கரி எவ்வளவு போகும் என்று கேட்கப் பார்த்தார். சாலை கம்பெனி மதிலை ஒட்டி வளைந்து, செங்கல் அடுக்கியிருந்த ஒரு காலி இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. தண்டவாளம் நேராகப் போகிறது, நான் சுற்றிக்கொண்டு போகிறேன். வலப்பக்கம் மரங்களுக்கு மேல் புகை தெரிந்தது. எனக்கு முன்னால் தெரிந்தது. இத்தனை வருடம் அந்தப் புகையை எங்கே பார்த்தாலும் நின்று பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அது நின்றுபோனால் போதும் என்று இருந்தது. கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் சாமி விளக்கு ஏற்றுவது அவள் வேலை, நான் அந்தப் பக்கம் போனதில்லை. அதனால் அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கேட் மூடியிருந்தது. இரண்டு லாரிகளும் ஒரு பள்ளி வேனும் நின்றன. ஸ்கூட்டரை அப்படியே சரித்துவிட்டு, கேட்டுக்கு அடியில் நுழைந்து, தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றேன். ரயில் நூறு அடியில் வந்துகொண்டிருந்தது. கறுத்த முகமும் பக்கவாட்டில் பீறிடும் ஆவியுமாக அது இவ்வளவு பெரியது என்று எனக்கு இதற்கு முன் தோன்றியதே இல்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நேராகத் தூக்கினேன். கொடி இல்லை, விளக்கு இல்லை என்றால் அதுதான் ஆபத்துக்கு அடையாளம். எந்த டிரைவரும் நிறுத்தியாக வேண்டும். அவர் ஊதினார். மறுபடி ஊதினார். நான் அசையவில்லை. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், கால் வரவில்லை. பிரேக் பிடித்தது. எஞ்சினின் சூடு என் முகத்தில் அடிக்கும் தூரத்தில் வந்து நின்றது.

டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார். எங்கள் சங்கத்தில் நிஜமாகவே ரயில் ஓட்டியவர் அவர் ஒருவர்தான், ஓய்வுபெற்று ஏழு வருடம் ஆகிறது.

"சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா தம்பி?"

"ட்ராலி வருது அண்ணே. எதுக்க வருது."

"எப்படி வரும்? கோல் என்கிட்ட இருக்கு." சிரித்தபடி கோலை எடுத்து ஜன்னலில் தட்டிக் காட்டினார். பித்தளை கணீர் என்றது. "இதோ பாரு."

"அது நான் செஞ்சதுண்ணே."

அவர் கோலைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் இருந்து சிரிப்பு போனவிதத்தை நான் மறக்கப்போவதில்லை. விசில் கயிற்றைப் பிடித்து இழுத்து, இழுத்த கையை எடுக்கவே இல்லை. அந்த ஊளை பள்ளத்துப் பாறைகளில் போய் மோதித் திரும்பி வந்தது. ட்ராலியின் மோட்டார் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, விசில் எங்கே கேட்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டிகளில் இருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நான் திரும்பிப் பள்ளத்துக்குள் ஓடினேன்.

தண்டவாளத்தில் ஓடுவது பற்றி யாராவது என்னைக் கேட்டால் சொல்வேன். கட்டைகளின் இடைவெளி நம் நடைக்கு அமையாது. ஒவ்வொரு கட்டையாக வைத்தால் குட்டை, ஒன்று விட்டு வைத்தால் நீளம். இரண்டுமுறை விழுந்தேன். முழங்கையில் ஜல்லி ஏறியது. பள்ளத்துக்குள் வெயில் இல்லை, ஈரப்பாறை வாசனை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, மூச்சு மார்புக்கு மேலே வர மறுத்தது. ஓடும்போது அவளைப் பற்றி ஏதாவது நல்லதாக நினைத்தேன் என்று சொன்னால் பொய். டிரில் மெஷின்தான் நினைவுக்கு வந்தது. ஆறு மில்லி ஓட்டை. ஒரு நிமிட வேலை. பித்தளைச் சுருள் விழுந்திருக்கும், ஊதிவிட்டுப் போயிருப்பேன். வளைவின் தொடக்கத்துக்கு வந்தபோது விசிலுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் பிரிந்து கேட்டது. தடதடவென்று, ஒரே சீராக, பக்கத்தில். நான் நின்று கைகளைத் தூக்கினேன்.

வளைவில் முதலில் தெரிந்தது மஞ்சள். பிறகு ட்ராலியின் தகடு. மெக்கானிக் என்னைப் பார்த்துவிட்டு லீவரின் மேல் முழு உடம்பையும் சாய்த்தார். சக்கரங்கள் கிறீச்சிட்டன, இரும்பு கருகும் வாசனை வந்தது, வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது. திறந்தபோது ட்ராலியின் முன்கம்பி என் முழங்காலுக்கு இரண்டு அடி முன்னால் இருந்தது. ஏழு பேரும் பெஞ்சில் முன்னால் சரிந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, அதற்குள் சிரிக்கவும் ஆரம்பித்திருந்தார்கள். இதுவும் சுற்றுலாவில் ஒரு வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள் போல.

"என்னங்க இது, போலீஸ்ல சரணடையுற மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் அவள். காற்றில் முடியெல்லாம் கலைந்து, கண்ணில் தண்ணீர் வழிந்து, அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "கைய இறக்குங்க. எல்லாரும் பாக்குறாங்க."

கைகள் இறங்கவில்லை. இறக்க வேண்டும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ஊதிக்கொண்டே இருந்த விசிலைக் கேட்டார், மோட்டாரை அணைத்தார்.  அவள் பெஞ்சில் நகர்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"வாங்க, உக்காருங்க. முழங்கையில ரத்தம். எங்க விழுந்தீங்க? நீங்க இத்தன வருஷமா சொல்லிச் சொல்லி நான் காதுல போட்டுக்கல. அங்க குளம் மாதிரி தண்ணி நிக்குது குவாரியில, பச்சைக் கண்ணாடி மாதிரி. அடுத்த வருஷம் பெரியவளையும் மருமகனையும் கூட்டிட்டு வரணும்."

ஏறி உட்கார்ந்தேன்.  கோல் அவள் மடியில் கிடந்தது, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதை அவள் கையில் இருந்து வாங்கிவிட வேண்டும், துப்பட்டாவுக்கு அடியில் மறைத்துவிட வேண்டும் என்று ஓர் அசட்டு எண்ணம் வந்தது. என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் குளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் பேச்சை நிறுத்தக் கூடாது என்று மட்டும் இருந்தது.

விசில் நின்றது. பள்ளம் சட்டென்று அமைதியானது. வளைவின் அந்தப் பக்கம் ஜல்லியில் காலடிச் சத்தம், கனமாக, அவசரமில்லாமல். டிரைவர் அண்ணன் வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை, கரி படிந்த முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

"அவர் கையிலயும் ஒண்ணு இருக்கு பாருங்க," என்றாள் அவள்.

அதற்குமேல் அவள் பேசவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். டிரைவர் அண்ணன் பத்தடி தூரத்துக்கு வந்து, அவள் மடியில் கிடந்ததைப் பார்த்து, அங்கேயே நின்றார். பிறகு அந்தப் பெரிய உடம்பை மெல்ல இறக்கி, தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்தார். தன் கோலைக் கால்களுக்கு நடுவே ஜல்லியில் வைத்துவிட்டு, இன்னும் ஏதாவது வண்டியின் அதிர்வு வருகிறதா என்று பார்ப்பவர் போல உள்ளங்கையைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.